தம்பியின் உள்ளங்கை

காலையில் எழுந்ததும் தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, "கையக் காட்டுலே" என்பேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவான். அவை வெளுத்திருந்தால்தான் பாளையங்கோட்டையில் எனக்குக் காப்பி இறங்கும்.

அவனுக்கு நிணநீர்ப் புற்று. எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் புது மருந்து ஒன்று போட்டார்கள். உடம்பைக் காக்கிற அணுக்கள் கண்டதையும் அடித்துவிடாமல் இருக்க அவற்றுக்கு ஒரு பிரேக் உண்டாம். புற்று அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் தப்பித்திருக்கிறது. மருந்து அதை மிதிக்கவிடாமல் செய்ததும் கட்டிகள் கரைந்தன. நோய் திரும்பாமலிருக்க, காவல் அணுக்களாக வளரும் என்னுடைய ஸ்டெம் செல்களை எடுத்து, சென்னையில் வைத்து அவனுக்கு ஏற்றினார்கள்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு எச்சரித்திருந்தார். அந்த மருந்தின் வேலை மாதக்கணக்கில் உடம்பில் நிற்குமாம். என் அணுக்களுக்கும் பிரேக் பிடிக்காமல் போகலாம், அவன் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று நினைத்து அடிக்கலாம், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்தால் உடனே வரவேண்டும் என்றார். எனக்கே பிரேக் கிடையாது என்று ஊரே சொல்லும். சின்ன வயதில் அவன் என்னிடம் வாங்கிய அடி கொஞ்சமா நஞ்சமா? அந்தக் கோபமும் அணுக்களோடு அவனுக்குள் போயிருக்குமோ என்று பைத்தியம் மாதிரி நினைத்தேன்.

ஆடி மாதம் ஒருநாள் அவன் காட்டிய கை செக்கச் செவேலென்று இருந்தது. மருதாணியாம். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினேன். மருதாணிதான், வேறொன்றுமில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழைத்தோப்புகள் வந்தபோதே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டேன்.

அவன் கட்டிலில் கால்களைப் போர்வைக்குள் இழுத்துவைத்து உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்காமல் போர்வையை உருவினேன். வெந்நீர் பட்டது போல உள்ளங்கால் சிவந்து கிடந்தது.

"உள்ளங்காலுக்கு யாருலே மருதாணி வச்சா?"

இலை பறித்து அரைத்துக் கொடுத்த அவன் மனைவிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவனை அறைய என் கை ஓங்கிவிட்டது. ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஒன் அணுதானக்கா அடிக்குது," என்றான். "தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான் மறைச்சேன்."

போனில் டாக்டர் உடனே சென்னைக்குக் கிளம்பச் சொன்னார். என் அணுக்களை மருந்து கொடுத்து அடக்கலாமாம். ஆனால் ஒரேயடியாக அடக்கினால் பழைய புற்று தலைதூக்கலாம். அவை அடித்தாலும் பயம், அடங்கினாலும் பயம். யாரிடம் போய் முறையிட?

காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தும் அவனைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆற்றுப்பாலம் தாண்டியதும் அவனே என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அந்தக் கை அனலாய்ச் சுட்டது. என்னையறியாமல் அதை இறுக்கிவிட்டேன்.

"பையப் பிடி அக்கா," என்றான்.