கோடு போட்ட இரண்டு சொற்கள்

அண்ணியின் பழைய ரேடியோ கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. நீல மையில், ஆங்கிலத்தில், மூன்று வரிச் செய்தி. கடைசி இரண்டு சொற்களின் மேல் மட்டும் ஒரே ஒரு கோடு. கிறுக்கி மறைக்கவில்லை, இன்றைக்கும் தெளிவாகப் படிக்கலாம்: ஆல் சேஃப். எல்லோரும் பத்திரம். வீட்டில் எங்கள் எல்லோரையும்விட அதைக் கேட்க ஏங்கிக்கொண்டிருந்தவர் அண்ணிதான். கோடு போட்டு அடித்ததும் அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மைசூரில், அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான். அண்ணனும் அண்ணியும் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரே ஆலையில் வேலை. அண்ணிக்கு மின்னணுப் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் பிரிவு. அங்கே கை பழகித்தானோ என்னவோ, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்துவிட்டது. பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் அலுமினியக் குழாயில் தானே ஒரு ஏரியல் கட்டினார். கீழ் வீட்டுச் சொந்தக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில், “ஏனம்மா, இஷ்டு பெரிய ஏரியலு, ஒரு சினிமாகூட வராதா?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். எனக்குமே அது வீண் வேலையாகத்தான் பட்டது.

அந்த ரேடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பெட்டி நெடுந்தூரம் எட்டாது. அதனால் வழியில் இருப்பவர்கள் ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல, செய்தி கைமாறிக் கைமாறிப் போகும். நடுவில் யாரும் ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதற்காகச் செய்திக்கு முன்னால் அதில் எத்தனை சொல் என்று ஓர் எண்ணும் வரும். வாங்கியவர் எண்ணிப் பார்க்க வேண்டும். எண் ஒத்துவராவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும். அண்ணி இதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். நான் அலுவலகக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் விரல் மடங்குவது தெரியும். “அறுபது சொல்லு. பஸ் லேட்டுன்னு ரெண்டே சொல்லுல சொல்லியிருக்கலாம் நீ” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓர் ஐப்பசியில் அண்ணன் மட்டும் மேட்டூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். திரும்பி வரும்போது மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. மாநில எல்லையில், பாலாறு சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் சாலை அறுந்துபோனது. தொலைபேசிக் கம்பியும் விழுந்துவிட்டது. பஸ் அங்கே சிக்கியிருக்கிறது என்பது மட்டும் நடந்து வந்த ஒரு வனக்காவலர் மூலம் தெரிந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, இளம் வயதிலேயே வந்தது. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டாக வேண்டும். மருந்துப் புட்டியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துப் போயிருந்தான். எங்களுக்கு இருந்த தைரியமெல்லாம் அந்தப் பிளாஸ்க்தான்.

இரண்டாம் நாள் காலையில் ரேடியோக்காரர்கள் ஒரு சங்கிலி போட்டார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைப்பெட்டியோடு வனக்காவலர்களுக்குப் பின்னால் நடந்தே பாலாற்றுக்கு இறங்கினார். மலை மேல் ஒருவர், கொள்ளேகாலத்தில் ஒரு பெரியவர், மைசூரில் எங்கள் அண்ணி. வரும் செய்தியை எழுதிக்கொள்வது அண்ணி வேலை. கீழ் வீட்டுத் தொலைபேசியில் அதை அரசு அலுவலகத்துக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. அங்கே இருந்த அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார், பயணிகளுக்கு ஆபத்தில்லை என்றால் வெள்ளம் வடிந்தபின் நாளைக்கு ஆள் அனுப்புவார்களாம்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. “மைக்கைக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே, அவன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேளேன்.”

“என் ஆளை முதல்ல கேட்டா, மத்தவங்க ஆளை யாரு கேப்பா அத்தை?” என்றார் அண்ணி. சொந்தச் செய்தி எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் அவர்கள் வழக்கம். கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் நினைத்தேன். அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

மத்தியானம் அந்தச் செய்தி வந்தது. பாதை இருபுறமும் இல்லை, பயணிகள் நாற்பது பேர், வனத்துறைக் கட்டடத்தில் தங்கல், சாப்பாடு ஒரு நாளைக்கு. கடைசியில், எல்லோரும் பத்திரம். அம்மா சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து எங்கள் வாயில் ஆளுக்கு ஒரு பிடி போட்டாள். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டேன்.

“நில்லு. அதைக் கொண்டா இப்படி.”

வாயில் சர்க்கரையோடு அண்ணி விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். “பதினேழுன்னு சொன்னாங்க. பத்தொன்பது இருக்கு.”

“ஏண்டி, நல்ல சேதியைக்கூட நம்ப மாட்டியா நீ?” என்று அம்மா கத்தினாள். நானும் சேர்ந்துகொண்டேன். அண்ணி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கொள்ளேகாலத்துப் பெரியவரை அழைத்து, எண் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னார்.  பிறகு பெரியவர் குரல் தாழ்ந்து வந்தது.

“கடைசி ரெண்டு வார்த்தை நாந்தான் சேத்துனனுங்க அம்மிணி. உங்க வூட்டுக்காரரு அதுல இருக்காருன்னு தெரியுமுங்களே, மனசு கேக்கல. நாப்பது பேரும் கட்டடத்துல இருக்கறாங்கன்னா நல்லாத்தானுங்களே இருப்பாங்க?”

நல்ல மனுஷன். அண்ணி அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. “பரவாயில்லைங்க சார். நான் அடிச்சிடறேன். பாலாத்துல கேட்டுச் சொல்லுங்க” என்றார். பேனாவை எடுத்து அந்தக் கோட்டைப் போட்டார். அடித்ததையும் படிக்க முடிய வேண்டும், அதுதான் முறை. 

கேள்வி சங்கிலி வழியாகக் கீழே போனது. பாலாற்றில் இருந்த ஆசிரியர் திகைத்துப்போனாராம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நாற்பது என்பதும் நடத்துநர் வாய்க்கணக்கு. தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். போய் வர முக்கால் மணி நேரம் ஆனது.

கட்டடத்தில் முப்பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். நாற்பதாவது ஆள் பஸ்ஸின் கடைசி இருக்கையில் சுருண்டு கிடந்தான். மடியில் காலிப் பை. முதல் நாள் வெள்ளத்தில் இறங்கி ஏறும்போதே பிளாஸ்க் போய்விட்டது, பிறருக்கு எதற்குத் தொந்தரவு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வாந்தி எடுத்து, எழுப்பினாலும் கண் திறக்காத நிலை. தூங்குகிறான் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று அண்ணி சொன்ன சேதி மலைக்கு எட்டியதும் அங்கிருந்த டாக்டர் மருந்தோடு இரண்டு வனக்காவலர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே இறங்கினார். நாளைக்கு என்று விட்டிருந்தால் அண்ணன் இல்லை. டாக்டரே பிறகு சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் அடுத்த செய்தி வந்தது: ஒரு பயணிக்குச் சிகிச்சை, கண் விழித்தார். அண்ணி அதையும் எண்ணினார். சரியாக இருந்தது. மைக்கை வைத்துவிட்டு அப்புறம்தான் அழுதார். அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பல நாள் கழித்துக் கேட்டேன். “அந்த ரெண்டு வார்த்தையை நம்பணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா அண்ணி?”

“தோணுச்சு. அவ்ளோ ஆசையா இருந்துச்சு. அதான் ரெண்டு தரம் எண்ணுனேன்.”

இப்போது மழை என்றால் குடும்பத்து வாட்ஸப் குழுவில், கேட்பதற்கு முன்பே யாராவது எல்லோரும் பத்திரம் என்று போட்டுவிடுகிறார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் போட்டு யார் யார் எங்கே என்று கேட்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. இவர் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் என்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

போன வாரம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், சர்க்கரை போடாத காப்பி. “இன்னும் அதை வெச்சிக்கிட்டு என்ன பண்றே?” என்றான். விரல் விட்டு எண்ணினேன். கோடு போட்டதை விட்டுவிட்டுப் பதினேழு.