புஷ்பத்தின் அணியைப் பார்க்கப் போனேன்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ், பிற்பகல் மூன்று மணிக்குக் கண்டி குட்ஷெட் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. முந்நூற்று இருபது கிலோமீற்றர். மாத்தளைக்குப் பிறகு மழை விடவே இல்லை. வடக்கின் வெயிலுக்கென்று உடுத்திய சேலை நனைந்து காலில் ஒட்டியது.

நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. பன்விலையில் புஷ்பம் இருக்கிறாள். உடற்கல்வி ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் இருவரும் ஒரே அறை, ஒரே கரப்பந்து அணி. அவள் பந்தை உயர்த்திக் கொடுப்பாள், நான் துள்ளி அடிப்பேன். கைதட்டல் எனக்குத்தான் விழும். இன்று அவள் மாற்றுத்திறனாளிகளின் கரப்பந்து அணிக்குப் பயிற்றுநர். வீரர்களோடு இரண்டு தடவை வெளிநாடு போய் வந்துவிட்டாள். நான் முதல் நியமனம் கிடைத்த அதே பாடசாலையின் மணல் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகையில் அவளுடைய படம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் மேகலா. என் மாணவி. நான் பழக்கிய பிள்ளைகளில் அவளைப் போல அடித்தவள் இல்லை. உயர்தர வகுப்பில் படிக்கும்போது பஸ் மோதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு படித்து, எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தாள். வந்த இடத்தில் புஷ்பத்தின் அணியில் சேர்ந்துவிட்டாள். இப்போது வடக்கிலும் அப்படியொரு அணி தொடங்க வேண்டும் என்று விளையாட்டுத் திணைக்களத்தில் என்னிடம் கேட்டிருந்தார்கள். மேகலாவை இடமாற்றம் எடுக்கச் சொல்லிக் கூட்டிப்போவது என்று முடிவு செய்துகொண்டே பஸ் ஏறினேன்.

கண்டியிலிருந்து பன்விலைக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. எங்கே போகிறேன் என்று கேட்டார். புஷ்பத்தின் பெயரைச் சொன்னதும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வாலிபோல் மிஸ் வீட்டுக்கா? எங்க சாச்சாட மகனுக்கு ரெண்டு காலும் ஏலாது. நாலு வருஷம் அறைய விட்டு வெளிய வரல்ல. இப்ப ஞாயித்துக்கிழமைன்டா அவன்தான் வீட்டுல முதல்ல எழும்புறது."

"அப்பிடியே?" என்றேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் படிச்சனான். நானும் கரப்பந்துதான்."

"அப்பிடியா," என்று சொல்லிவிட்டு மறுபடி புஷ்பத்தைப் பற்றியே பேசினார். மடவளையில் இறங்கும்வரை வேறு பேச்சில்லை. என் ஊர் பஸ்ஸில் என்னைப் பற்றி இப்படிப் பேச ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு மழையைப் பார்த்தேன்.

பன்விலைச் சந்தியிலிருந்து முச்சக்கர வண்டிக்கு முந்நூறு ரூபாய். தேயிலைக்கு நடுவே ஏறிப் போகும் வழி. வாசலிலேயே புஷ்பம் நின்றாள். மெலிந்திருந்தாள். தலைமுடி முழுவதும் நரைத்திருந்தது. அதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட வந்தது.

"வா ராஜி. காலெல்லாம் வீங்கியிருக்கு பாரு. சுடுதண்ணி போட்டிருக்கேன், மொதல்ல குளி."

இரவுச் சாப்பாட்டின்போது எப்படி இந்த வழிக்கு வந்தாள் என்று கேட்டேன். தோட்டப் பாடசாலையில் மைதானமே இல்லாமல் பத்து வருடம் கழித்தாளாம். பிறகு கண்டிக்கு மாற்றல். அங்கே புனர்வாழ்வு வார்டு ஒன்றில் வேலை செய்த டாக்டர், நோயாளிகளுக்குப் பந்து விளையாட்டுக் காட்ட ஒருவர் வேண்டும் என்று ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது.

"யாரும் போகல. நான் போனேன். அவங்க எல்லாம் தரையில இருந்தாங்க, நான் மட்டும் நின்னுக்கிட்டு என்ன சொல்லிக் குடுக்கிறது? நானும் இருந்துட்டேன். அவ்வளவுதான்."

என்னைக் கேட்டிருந்தால் நானும் போயிருப்பேன் என்று மனம் சொல்லியது. என்னை யாரும் கேட்கவில்லை. அந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்கு வராமல் போனதுகூட அவளுடைய அதிர்ஷ்டம் என்று பட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு முதல் பஸ். கண்டியில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் கொழும்பு வீதியில் பன்னிரண்டு கிலோமீற்றர் போனால் பிலிமத்தலாவை. கடைகளுக்குப் பின்னால் ஒரு பொது மண்டபம். வழுவழுப்பான சீமெந்துத் தரை. வாசலில் செயற்கைக் கால்களும் ஊன்றுகோல்களும் செருப்புகளைப் போல வரிசையாகக் கிடந்தன. உள்ளே நெஞ்சளவுக்கும் குறைந்த உயரத்தில் வலை. எல்லோரும் தரையில் இருந்து கைகளால் உந்தி உந்தி நகர்ந்தார்கள். பந்தைத் தொடும்போது பின்புறம் தரையை விட்டு எழும்பக்கூடாது. இருந்தாடும் கரப்பந்தின் முக்கியமான விதி அதுதான்.

"பிம, பிம," என்று புஷ்பம் சிங்களத்தில் சத்தம் போட்டாள். தரை, தரை என்று அர்த்தம். முன்னாள் சிப்பாய்கள், தோட்டத்துப் பெண்கள், மடவளை வியாபாரி சொன்ன பையன், எல்லோரோடும் அவரவர் பாஷையில் பேசினாள். எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும்.

மேகலா என்னைக் கண்டதும் தரையிலேயே நகர்ந்து வந்தாள்.

"வாங்க மிஸ். எப்ப வந்தீங்க?"

எங்கள் ஊர்ப்படி வாங்கோ என்று சொல்லவில்லை. அவளுடைய பேச்சும் புஷ்பத்தின் பேச்சாகிவிட்டது.

ஒரு பக்கத்தில் ஆள் குறைந்தது. "ராஜி, நீ இரு," என்றாள் புஷ்பம். நல்லது, காட்டுகிறேன் என்று தரையில் உட்கார்ந்தேன். முதல் பந்து எனக்கு ஏற்ற உயரத்தில் வந்தது. அடித்தேன். விசில். எழும்பிவிட்டேனாம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இருந்தபடியே அடித்தேன், மேகலா வலைக்கு மேலே கையை வைத்து என் மடியிலேயே திருப்பிப் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். நான் பழகியதும் பழக்கியதும் எல்லாம் துள்ளுவதில்தான் இருந்தது என்பது அந்தத் தரையில் எனக்கு விளங்கியது.

பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்டீயும் பணிஸ் என்கிற பன்னும் வந்தன. மேகலாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் ஊருக்கு வர விருப்பம் மிஸ்," என்றாள். இப்போது அது எங்கள் பேச்சு. "அம்மாவும் தனிய இருக்கிறா. ஆனா அங்க ஆர் பழக்கிறது?"

"நான் இருக்கிறன்தானே."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். "நீங்கள் நிண்டு விளையாடுறவைக்கு நல்லாப் பழக்குவீங்கள் மிஸ்."

பக்கத்தில் வந்து நின்ற புஷ்பத்துக்கு அது கேட்டுவிட்டது. அவள் மறுப்பாள், சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான பதில்களும் என்னிடம் இருந்தன.

"கூட்டிட்டுப் போ ராஜி," என்றாள். "அவ அங்க போனாத்தான் வடக்குல ஒரு டீம் வரும். நானே சொல்லணும்னு இருந்தேன். ஆனா அதுக்கு முந்தி லீவுல ஒரு மாசம் இங்க வந்து எங்களோட தரையில இரு. மேகலாவே உனக்குச் சொல்லிக் குடுப்பா."

அணியில் மிகத் திறமையானவளை அவள் அப்படித் தூக்கிக் கொடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைப் படத்தைவிட, மடவளை வியாபாரியின் பேச்சைவிட அதுதான் என்னை அதிகம் எரித்தது. "பாப்பம்," என்று மட்டும் சொன்னேன்.

பகல் ஒன்றரை மணி பஸ்ஸுக்கு மேகலா குட்ஷெட் வரை வந்து ஏற்றிவிட்டாள். "வருவீங்கள்தானே மிஸ்?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

வடக்கே வரவர நிலம் தட்டையாகி, பனைகள் தெரிந்தன. எங்கள் பாடசாலை மைதானம் மணல். அதில் உட்கார்ந்து ஆடினால் உடம்பு உரிந்துவிடும். எந்த மண்டபத்தில் நல்ல சீமெந்துத் தரை இருக்கிறது, அதன் பூட்டைத் திறக்க யாரிடம் திறப்புக் கேட்பது என்று வவுனியா தாண்டும்வரை யோசித்தேன். பொறாமை குறையவில்லை. அதுவும் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு என்னோடு சேர்ந்து யோசித்தது.

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் பையைக் கட்டினேன். எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் கண்டிக்கு என்றேன், ஒரு பயிற்சிக்கு என்றேன். பழக்குவது யார் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.