கை வைக்குமுன் தூங்கியவர்கள்

1929 ஆகஸ்டு 14, புதன்கிழமை. விடியுமுன் எழுந்து நல்லெண்ணெயில் ஓமம் போட்டுக் காய்ச்சினேன். ஆறியதும் வடிகட்டிப் புட்டியில் ஊற்றினேன். துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காலையில் இரண்டு பேர் வந்தார்கள், இருவருக்கும் இடுப்பு வலி. மாலையில் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் சட்டையைக் கழற்றியதும் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் என் சின்ன அறை முழுக்க ஒட்டுப்பால் நாற்றம். ரப்பர்ப் பால் காய்ந்து புளித்த அந்த நாற்றத்தை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். முகராதவர்களுக்கு நான் விளக்கப் போவதில்லை, நீங்கள் சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம்.

"தோள்பட்டைலா" என்று மலாயா வழக்கப்படி ஒரு 'லா' போட்டுச் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தார். நான் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் குறட்டை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படிப்பட்ட குறட்டைகளை நம்பித்தான் ஒரு காலத்தில் நான் மோசம் போனேன்.

1921இல் நான் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் இறக்கும் வேலை. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. வேலை நின்றவர்களின் பெயரை எழுதி, பினாங்குக்கு அனுப்பி, கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் என் மனைவி செல்லம்மாவையும் அங்கே கொண்டுபோய் இறக்கினால் வாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. பட்டியலில் எங்கள் பெயர் ஏறுவதற்குள் வேறு தொழில் பிடிக்க வேண்டும்.

ஈப்போவில் காதர் பாய் என்பவர் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் உடம்பு பிடித்துவிடும் தொழில் நடத்தினார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், என்னை அண்ணே என்பார், ஆனால் அதட்டுவதில் அண்ணன் அவர்தான். துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கற்றுத் தருகிறேன், தேறினால் வேலை, தேறாவிட்டால் பினாங்கிலிருந்து ஆள் வரவழைத்துக்கொள்வேன் என்றார். ஓய்வு நாளெல்லாம் ரயிலேறிப் போனேன்.

முதலில் மனித உடம்பைத் தொட விடவில்லை. ஈர மணல் அடைத்த சாக்கைக் கொடுத்து, தடவு, பிசை, உருட்டு என்றார். சாக்கு குறை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம் முதுகையே கொடுத்தார். மரத்தில் சாய்வாகவே கத்தி ஓட்டிப் பழகிய கை அல்லவா, என் கட்டைவிரல் அவர் முதுகிலும் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குச் சாய்வாக இறங்கியது.

"அண்ணே, முதுகுல பால் வருமான்னு பாக்குறீங்களா? கீழ ஒரு மங்கு வைக்கட்டுமா?"

மங்கு என்பது மரத்தடியில் பால் பிடிக்கிற கிண்ணம். அன்று முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் பாய் ஒரு விதி சொன்னார்: "ஆள் தூங்கிட்டா கை சரியா போகுதுன்னு அர்த்தம். முழிச்சுக்கிட்டே கெடந்தா கையில தப்பு." எனக்கு அது போதும். தோட்டத்துக்குத் திரும்பியதும் செல்லம்மாவைப் படுக்க வைத்தேன். தோளில் கை வைத்தேன், தூங்கிவிட்டாள். அடுத்த வீட்டு மாரிமுத்து அண்ணனைத் தினமும் அழைத்தேன். அவர் பாயில் உட்காரும்போதே பாதி தூங்கிவிடுவார். வரிசை வீடுகளில் யார் படுத்தாலும் இதே கதை. ஒவ்வொரு குறட்டைக்கும் என் தலை கொஞ்சம் கனத்தது. இரண்டு வாரத்தில் தொழில் கைவந்துவிட்டது என்று செல்லம்மாவிடம் அறிவித்தேன்.

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நாலு மணிக்கு எந்திரிச்சு மரம் வெட்டுற ஆளுங்க. கட்டையில சாஞ்சாலும் தூங்குவோம். இதுல உங்க கை எங்க இருக்கு?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் மாரிமுத்து அண்ணன் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. அவருடைய மரங்களையும் என்னையே வெட்டச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் பாய் என்னைச் சோதிக்க ஒரு நாளைக் குறித்தார். விடியலில் தொடங்கி இரண்டு பேர் மரங்களையும் வெட்டிவிட்டு, அரைகுறையாகக் குளித்து, மத்தியான ரயிலைப் பிடித்து ஓடினேன்.

பாய் எனக்கென்று பிடித்து வைத்திருந்தவர் ஓர் அரிசிக்கடை முதலாளி. விலை விழுந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். தடவினேன், பிசைந்தேன், உருட்டினேன். அவர் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, தோட்டத்துல இன்னும் எத்தன பேர அனுப்பப் போறாங்க?"

"தெரியலைங்க. நீங்க கண்ண மூடுங்க."

"மூடித்தான் பாக்குறேன். உள்ளயும் கடைதான் தெரியுது."

அவர் கண்ணுக்குள் கடை தெரிந்தது, எனக்குக் கப்பல் தெரிந்தது. செல்லம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. காதர் பாயைத் தவிர, விழித்திருக்கும் ஒருவரை இதுவரை நான் பிடித்ததே இல்லை. மறுபடி தோளிலிருந்து தொடங்கினேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

நினைவு திரும்பியபோது பாய் என் காதைத் திருகிக்கொண்டிருந்தார். அரிசிக்கடைக்காரரின் முதுகில் கையை வைத்தபடி, உட்கார்ந்தவாக்கிலேயே நான் தூங்கியிருக்கிறேன்.

"தூங்க வைக்கச் சொன்னா நீங்க தூங்குறீங்களாலா?"

"மெதுவாப் பேசு பாய்" என்றது கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல். "இவன் குறட்டையக் கேட்டுக்கிட்டே நானும் கொஞ்சம் அசந்துட்டேன். நல்ல கனமான கை. அடுத்த வாரமும் இவனையே வை."

பாய்க்கு மறுக்க வழியில்லை. "வேலைக்கு வாங்க அண்ணே. ஆனா தோட்டத்து ஆளுங்க மேல பழகுறத இன்னையோட நிப்பாட்டுங்க. தூக்கம் வராதவன் கிட்டப் போய்ப் பழகுங்க" என்றார். வெட்கமும் சந்தோஷமுமாக ரயிலேறினேன்.

அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. பலகைகளைப் பிரித்து எடுத்துவிட்டு அங்கேயும் மரம் நட்டிருக்கிறார்கள். என் கைக்கு அடியில் குறட்டை விட்டவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிப் போனார்கள், ஒரு கடிதமும் வரவில்லை. எந்த ஊரில் படுக்கிறார்கள், இன்னும் அப்படித் தூங்குகிறார்களா, தெரியாது. பெரும்பாலும் தூக்கம் வராதவர்கள்தான் இப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்களை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

சோதனைக்கு மறுநாள் காலை, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு நான் போகவில்லை. மாரிமுத்து அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை போன பிறகு இரவெல்லாம் இப்படித்தான் இருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். முதல் வேலையாக எண்ணெயைச் சுட வைத்தேன். அவரைப் படுக்க வைத்துத் தோளில் கை வைத்தேன். அவர் தூங்கவில்லை.

என் கை மறுபடி தோளுக்கு வந்தபோது, "தம்பி, தெனமும் இங்கதான் பிடிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"சொல்லியிருக்கலாம்ல, தூங்காம இருந்திருப்பேன்" என்றார்.