ஒரே வரிக்குள் அணை

மாலை நாளிதழ் ஒன்றில் பக்கம் வடிவமைப்பவள் அவள். ஆள் நல்ல உயரம் என்பதால் அலுவலகத்தில் பெயரே 'நெட்டை'. அப்படிக் கூப்பிட்டால், "என்ன, கட்டை?" என்று அங்கேயே திருப்பிக் கொடுப்பாள்.

கடைகளில் தொங்கும் செய்தி போஸ்டர்தான் அவளுக்குத் தீராத தலைவலி. தமிழ்ச் சொல்லோ நீளம், தாளோ ஒல்லி. பெரிதாகப் போட்டால் சொல் இரண்டாக முறியும். சிறிதாகப் போட்டால் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். கணினியில் பக்கவாட்டில் அமுக்கினாலோ நிற்கும் கோடு இளைத்து, படுத்த கோடு மட்டும் பருத்துப்போய்ப் பார்க்கச் சகிக்காது. ஆகவே வீட்டில் உட்கார்ந்து தானே ஓர் எழுத்துருவை வரைந்தாள். நெடுநெடுவென்று, ஒடுங்கி, தடித்து, நெளிவு அலங்காரம் எதுவும் இல்லாத எழுத்து.

அச்சடித்த தாளைக் கூடத்தின் கோடியில் ஒட்டி, மாமியாரைத் தூர நின்று படிக்கச் சொன்னாள்.

"கண்ணாடி இல்லாமலே தெரியுதும்மா. இந்த 'ணை' மட்டும் கரிக்கட்டையா அப்பிக்கிடக்கு."

"சரியாச் சொன்னீங்க அத்தை."

சுழிகளின் வயிற்றைத் திறந்து, கோடுகள் கூடும் இடத்தில் கொழுப்பைக் கரைத்தாள். 'ணை' மூச்சு விட்டது.

அலுவலகத்தில் நாளிதழ் ஆசிரியர் பார்த்துச் சிரித்தார். "எழுத்து என்ன, பட்டினி கிடந்துச்சா?"

"எலும்பு தடிச்சுதான் இருக்கு சார். இடத்தைத்தான் கம்மியாச் சாப்பிடுது."

"அப்புறம் பாக்கலாம்" என்று அவர் அதை ஓரங்கட்டினார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம், ஊருக்கு மேலே ஆற்றில் இருக்கும் அணை உடைந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. மழையில் தொலைபேசிகளும் செத்துக்கிடந்தன. மெத்தையும் மூட்டையுமாக ஜனங்கள் தெருவில் நெருக்கியடித்தார்கள். அணையை நேரில் பார்த்துவிட்டு வந்த நிருபர், "கல்லு மாதிரி நிக்குது" என்றார். போஸ்டருக்கு 'அணை உடையவில்லை' என்று எழுதினார் ஆசிரியர்.

பழைய எழுத்தில் 'அணை உடைய' மேலே நின்றது. 'வில்லை' கீழே போய்விட்டது.

"சார், தூரத்துல பாக்கிறவன் மேல் வரியைப் படிச்சதும் ஓடுவான். 'வில்லை'க்கு நிக்கமாட்டான்."

"'அணை பத்திரம்'னு போட்டா?"

"ஜாக்கிரதையா இருங்கன்னு எடுத்துக்குவாங்க."

ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "உன் எழுத்தைக் கொண்டா."

முழுச் சொற்களும் ஒரே வரியில், தாளின் உயரத்துக்கு எழுந்து நின்றன. பத்திரிகை வேனில் அவளும் ஏறிப்போய், நாற்சந்திக் கடையில் தன் கையாலேயே முதல் போஸ்டரைக் கட்டினாள். கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. எதிர்ச்சாரியில் சிக்கி நின்ற லாரியின் மேலிருந்து ஒருவர் உரக்கப் படித்தார்: "அணை உடையவில்லை!"

"வண்டியைத் திருப்புங்க! கதவைக்கூடப் பூட்டாம வந்துட்டோம்" என்றாள் அவர் மனைவி.

ஒவ்வொரு வண்டியாகத் திரும்பியது. அவள் அடுத்த போஸ்டரை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.

மறுநாள் ஆசிரியர் அவள் மேசைக்கே வந்தார். "இனிமே தலைப்பெல்லாம் இதுலதான். எல்லா எழுத்தும் இருக்கா?"

"'ஔ' மட்டும் இன்னும் பிடிவாதம் பிடிக்குது சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் 'ஔடதம்'னு எதையாவது எழுதிவைக்காதீங்க."

அவர் எழுதவில்லை.