கழுதை அட்டை

கண்ணாடிக்கடையில் அவளுக்குச் சரியக்கா என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பாள். மூக்குக்கண்ணாடியை வாங்கிப்போய் மாதக்கணக்கில் போட்டுத் தேய்த்துவிட்டு, "இந்தக் கலர் எனக்கு எடுப்பா இல்லைன்னு மாமியார் சொல்றாங்க" என்று வந்து நிற்பவர்களிடமும் "சரி, பாக்கலாம்" என்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவளைப் போல ஓர் ஆள் அவருக்குக் கிடைக்கமாட்டாள். பின்னறையில், தண்ணீர் தெறிக்கச் சுழலும் கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து அவள் ஃபிரேமில் பொருத்தினால் அது அங்கேயே பிறந்ததுபோல் உட்காரும்.

கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டியதும் அதைப் பற்றிக் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். அதில் அவளுக்கு நிம்மதிதான். அண்ணன் குடியிருந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே, ஒற்றை அறை. தூக்கம் மேலே, சாப்பாடு கீழே.

அண்ணன் லாரி ஓட்டுபவன். ஒரு நாள் சரக்கின் மேல் ஏறி நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, மல்லாக்கக் கீழே விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து மூட்டி, கட்டிலில் கிடத்தினார்கள். கால் ஓரிடத்தில் தங்காத மனுஷன். சுவரைப் பார்த்துப் பார்த்து, வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்தான். பேக்கிங் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் அண்ணிக்கு, வீட்டில் இன்னொரு ஷிஃப்ட்.

அப்போதுதான் கூட லாரி ஓட்டும் நண்பர் ஒருவர், தன் பிள்ளைகள் விளையாடித் தீர்த்த ஒரு வீடியோ கேமைக் கொண்டுவந்து கொடுத்தார். கையடக்கமான சின்ன மிஷின். அதற்குள் ஒரு துறைமுக ஊர் இருந்தது. மிருகங்கள்தான் ஊர்க்காரர்கள். நரி தபால் கொடுக்கும். வாத்து படகு ஓட்டும். மூட்டை தூக்குவதற்கு ஒரு கழுதை. காலையில் மிஷினைத் திறந்தாலே அது புலம்பத் தொடங்கிவிடும். "இன்னிக்கும் மூட்டையா? என் முதுகென்ன மேஜையா?" என்று கேட்கும். ஊர்க்காரர்களுக்கு நம் இஷ்டப்படி ஒரு சொல் கற்றுக்கொடுக்கலாம். அண்ணன் கழுதைக்கு "ஆளை விடு சாமி" என்று கற்றுக்கொடுத்தான். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் கழுதை அப்படித்தான் முடிக்கும். அண்ணன் படுத்தபடியே சிரிப்பான். அந்தச் சிரிப்பு அடுப்படிக்குக் கேட்கும்போது அண்ணியின் தோள் கொஞ்சம் தளரும்.

எலும்பு சேரவில்லை. பழைய தகட்டை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "நடையைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. எழுந்து நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அண்ணன் மிஷினைத் தங்கையிடம் கொடுத்தான்.

"ஊரைப் பாத்துக்கோ. பூவுக்கெல்லாம் தண்ணி ஊத்து. கழுதைகிட்ட தினம் ரெண்டு வார்த்தை பேசு. இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்."

"சரிண்ணா."

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது அவள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மிஷினைத் திறந்தாள். கை வேலை கேட்டது, அவ்வளவுதான். கழுதை கையில் ஒரு துணி மூட்டையோடு நின்றது. "வேற துறைமுகத்துக்குப் போயிடலாம்னு இருக்கேன். போகட்டுமா? ஆளை விடு சாமி." கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் "சரி". மற்றொன்றில் "வேண்டாம், இரு". அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதறி எழுந்தவளின் கட்டைவிரல், பழக்கதோஷத்தில், "சரி"யை அழுத்திவிட்டது.

ஆபரேஷன் முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் மிஷினைத் திறந்தபோது கழுதையின் வீடு இருந்த இடத்தில் வெறும் புல்தரை. ஊர் முழுக்க நடந்து பார்த்தாள். நரி இருந்தது, வாத்து இருந்தது. கழுதை இல்லை.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போனது தானா திரும்பி வராது. அட்டை இருந்தாத்தான் வரும்."

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓர் அட்டை உண்டாம். மேலே படம், உள்ளே மெல்லிய சிப்பு. மிஷின்மேல் வைத்தால் அந்த மிருகம் ஊருக்குள் வந்து குடியேறும். அட்டை போடுவதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது.

"அதுலயும் கழுதையா கேக்குறீங்க? நரிக்கும் முயலுக்கும்தான் அப்ப அடிதடி. பாக்கெட்டப் பிரிச்சா கழுதை வந்திருந்துச்சுன்னா அங்கயே கிழிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. அதனாலதான் இன்னிக்கு நரி கிடைச்சாலும் கழுதை கிடைக்க மாட்டேங்குது."

அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். அன்றிலிருந்து சரியக்கா கழுதையைத் தேடினாள். வேலை முடிந்ததும் பழைய சாமான் கடைகள், போன் ரிப்பேர் கடைகள், பழைய பொம்மைகளைக் கூடையில் கொட்டி விற்கும் நடைபாதைகள். பிரிக்காத பாக்கெட்டுகள் இருக்கின்றன என்றார் ஒருவர். உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் "எடுத்துக்கோங்க" என்றதும் இவளால் மறுக்க முடியவில்லை. பிரித்துப் பார்த்தால் முயல், முயல், வாத்து, மறுபடியும் முயல். இணையத்தில் ஒருவர் கழுதை அட்டையின் படத்தையே போட்டிருந்தார். வரவழைத்தாள். படம் என்னவோ கழுதைதான். மிஷின்மேல் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. திருப்பி வைத்தாள், அழுத்தி வைத்தாள், துடைத்து வைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே சிப்பே இல்லை என்று தெரிந்தது. யாரோ வீட்டில் அச்சடித்து வெட்டியிருந்தார்கள். வெட்டின ஓரம்கூட நேராக இல்லை. ஓரங்களைத் தேய்த்தே வாழ்கிறவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

கடையில் கண் பரிசோதிக்கும் பெண் கேலி செய்தாள். "கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சொல்வாங்கக்கா. எங்கயாவது இடிஞ்ச சுவர் பக்கம் போய்ப் பாருங்க."

சரியக்காவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கல்லை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள். அவளுக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு வேர்விட்டிருந்தது. கழுதை வந்தால் அண்ணன் நடப்பான். வராவிட்டால்? அதற்குமேல் நினைக்க மாட்டாள். யாரிடமும் சொல்லக்கூடிய நினைப்பும் இல்லை அது.

அண்ணியிடம் மட்டும் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கழுதை போன கதையைச் சொன்னாள். அண்ணி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"உங்கண்ணன் காலை ஊனுவாரா மாட்டாரான்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருக்கேன். நீ கழுதையைத் தேடிக்கிட்டு அலையுறியா?"

சரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி இன்னும் இரண்டு துணிகளை மடித்தாள். பிறகு கேட்டாள்.

"எந்தப் பக்கமெல்லாம் இன்னும் பாக்கலை? சொல்லு. நானும் வரேன்."

அட்டை சேர்ப்பவர்கள் விடுமுறை நாளில் கூடும் இடம் ஒன்று இருப்பதை அண்ணிதான், கூட வேலை செய்பவர்களிடம் விசாரித்துக் கண்டுபிடித்தாள். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. நீளமான மேஜைகள், மேஜை நிறைய அட்டைகள். பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து முயல் அட்டையை விரல் நுனியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் வாசலிலேயே தயங்கினார்கள்.

"கழுதையா? ஆல்பத்தைக் கேளுங்க" என்று ஒருவர் மூலையைக் காட்டினார்.

ஆல்பம் என்பது ஓர் ஆளின் பெயர். தண்ணீர்க் குழாய் கசிவு பார்க்கும் வேலையில் இருப்பவர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மடியில் தடித்த ஆல்பம் ஒன்றைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார். கேட்டதும் பக்கத்தைத் திருப்பினார். பிளாஸ்டிக் உறைக்குள் கழுதை, மூட்டையோடு, அதே சிடுமூஞ்சியோடு நின்றது. சரியக்கா ஆல்பத்தின் மேல் குனிந்தாள்.

"விக்கிறதில்லை" என்றார் அவர், யாரும் கேட்பதற்கு முன்பே. "மாத்திக்கிறதும் இல்லை. முழு செட்டு இது. ஒண்ணை உருவினா வாயில பல்லு போன மாதிரி ஆயிடும்."

அண்ணி விடவில்லை. "கொஞ்சம் மனசு வையுங்க சார். எங்ககிட்ட நிறைய முயல் இருக்கு..."

"முயலா?" அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "முயலை வெச்சு நான் என்னம்மா பண்றது? இங்க எல்லார்கிட்டயும் முயல்தான் இருக்கு."

"சரிங்க சார்" என்றாள் சரியக்கா. போவதற்குத் திரும்பியவள் நின்றாள். அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கக் காம்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. அவர் புருவத்தைத் தூக்கித் தூக்கி அதை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு சும்மா போக அவளால் முடியவில்லை.

"கண்ணாடியை ஒரு நிமிஷம் குடுங்க."

பர்ஸில் எப்போதும் இருக்கும் குட்டி திருப்புளியையும் ஒரு திருகாணியையும் எடுத்தாள். டேப்பைப் பிரித்தாள், திருகினாள், மூக்குத் தாங்கியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி வளைத்தாள். சேலை நுனியில் துடைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார்.

"மூக்குல இருக்கறதே தெரியலையே!" பிறகு, "உக்காருங்க. நீங்க செட்டு சேக்குற ஆள் மாதிரி தெரியலையே. கழுதை எதுக்கு உங்களுக்கு?" என்றார்.

அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி பெஞ்சு, கட்டைவிரல், புல்தரை எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் மேஜையைத் தட்டினார்.

"அட, கழுதை ஊருக்குத் திரும்பி வரணும், அவ்வளவுதானே? அதுக்கு அட்டை உங்ககிட்டயே இருக்கணும்னு யார் சொன்னது? ஒரு தடவை தொட்டா போதும்மா. மிஷின் கொண்டு வந்திருக்கீங்களா?"

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஷின் பைக்குள்தான் இருந்தது. இத்தனை நாளும் பைக்குள்தான் இருந்தது.

அவர் அட்டையை உறையிலிருந்து எடுக்கவில்லை. ஆல்பத்தையே அவள் பக்கம் நீட்டிப் பிடித்தார். அவள் மிஷினைக் கழுதையின்மேல் வைத்தாள். ஒரு சின்ன மணிச் சத்தம். திரையில் படகு வந்து நின்றது. அதிலிருந்து மூட்டையோடு கழுதை இறங்கியது.

அண்ணி அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வளையல் பதிந்த தடம் வீட்டுக்குப் போன பிறகும் இருந்தது.

"இங்க வர்றவங்க எல்லாரும் இருக்கா, குடுப்பியா, என்ன விலைன்னுதான் கேப்பாங்க" என்றார் ஆல்பம். "தொட்டுக்கட்டுமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கும் தோணினதில்லை."

மாடிப்படி இறங்கும்போது அவளுக்கு உடம்பே எடை குறைந்தாற்போல் இருந்தது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து மிஷினைத் திறந்ததும் கழுதை சொன்னது: "நான் ஊருக்குப் புதுசு. நீங்க யாரு?" அது இவளை மறந்திருந்தது. அண்ணனை மறந்திருந்தது. "ஆளை விடு சாமி"யும் போய்விட்டது.

"வந்துடுச்சுல்ல, அது போதும்" என்றாள் அண்ணி. "ஞாபகம் பழகப் பழக வந்துட்டுப் போகுது."

அந்த வாரமே அண்ணனை எழுப்பி நிற்கவைத்தார்கள். பயிற்சி கொடுப்பவர் இரும்பு வாக்கரை முன்னால் வைத்து, "எடையைக் காலுக்குக் குடுங்க, கையில தொங்காதீங்க" என்றார். அண்ணன் பல்லைக் கடித்தான். வலது கால் நகர்ந்தது. பிறகு இடது கால். கழுத்து நரம்பு புடைத்தது. அறையின் அந்தக் கோடி வரைக்கும் போய், மூச்சு வாங்கத் திரும்பி நின்றான்.

"வலிக்குதா?" என்றாள் அண்ணி.

"வலிக்குது. ஆனா இது வேற வலி. இதைத் தாங்கிடலாம்."

அண்ணி அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். லாரியைப் பற்றிப் பிறகு பேசலாம், நடையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று, அண்ணன் மிஷினைக் கேட்டான். திறப்பதற்குள் சரியக்கா சொல்லிவிட்டாள்.

"அண்ணா, கழுதையை நான்தான் அனுப்பிட்டேன். தெரியாம அழுத்திட்டேன். திரும்பக் கூட்டிட்டு வந்துட்டோம். ஆனா அதுக்கு உன்னை அடையாளம் தெரியாது."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது என்கிட்டயும் எத்தனையோ தடவை கேட்டுச்சு. போகட்டுமா, போகட்டுமான்னு. நான் விடலை. நானே எழுந்திரிக்க முடியாமக் கிடக்கேன், நீ மட்டும் எங்கடா கிளம்பிட்டேன்னு பிடிச்சு வெச்சிருந்தேன்." மிஷினைக் கையில் திருப்பிக்கொண்டே, "இப்பக் கேட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேன்" என்றான்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள் அண்ணி. "நான் பாக்காத சந்தெல்லாம் பாத்து, ஏறாத படியெல்லாம் ஏறி இறங்கினேன்!"

முதலில் சிரித்தது சரியக்காதான். பிறகு அண்ணி. அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் போட்ட இடம் இழுக்குது" என்று கெஞ்சினான். அவர்கள் நிறுத்தவில்லை.

திரையில் கழுதை அவன் பெயரைக் கேட்டது. அவன் நிதானமாக எழுத்துகளைத் தட்டினான். எனக்கு ஏதாவது ஒரு சொல் கற்றுக்கொடுங்கள் என்றது. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஒன்றும் எழுதாமல் மிஷினை மூடினான்.

"மெதுவாச் சொல்லிக்குடுத்துக்கலாம். எங்க போயிடப்போகுது?"

சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ வேண்டும் என்று கட்டிலைவிட்டு இறங்கினான். அண்ணி எழப்போனாள். "இரு, நான் போயிக்கிறேன்" என்றான். வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் ஊன்றும் சத்தம் கூடத்தைத் தாண்டி, குளியலறை வரை மெல்லப் போயிற்று. பிறகு குழாய் திறக்கும் சத்தம். பெண்கள் இருவரும் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டே, அண்ணியின் கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசரின் மீசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.