அக்காவுக்கு வாங்கிய டார்ச்

விவேக் நகரில் மாலைப் பூசை முடிந்து வரும் வழியில் அக்கா அடிக்கடி தடுக்கி விழுந்தாள். சந்தில் தெருவிளக்கு எரியாததுதான் காரணம் என்று நம்பி, கைப்பையில் அடங்கும் சின்ன டார்ச் ஒன்று வாங்கினேன்.

கொடுப்பதற்கு முன் சில நாட்கள் என் சட்டைப் பையில் வைத்துச் சோதித்தேன். கனமில்லை. தானாக எரிந்து சூடாகவும் இல்லை. சுவிட்ச் மட்டும் மிக இளக்கம், விரல் பட்டாலே அழுந்திவிடும். அது ஒன்றுதான் குறையாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் டார்ச்சை அவள் கையில் கொடுத்துச் சந்துக்குள் கூட நடந்தேன். நாலு வீடு தாண்டுவதற்குள் அவள் விரல் பட்டு அது அணைந்துவிட்டது. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“சூப்பர்டா. ரோடு பளிச்சுனு தெரியுது.”

“அக்கா, டார்ச் அணைஞ்சு போச்சு.”

நின்றுவிட்டாள்.

“இருட்டினா எனக்கு ஒண்ணும் தெரியறதில்லடா. சொன்னா ஸ்கூல் வேலைய விடச் சொல்லுவீங்கன்னு பயம்.”

மறுநாள் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். முன்பே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

அக்கா இப்போதும் பள்ளிக்கூடம் போகிறாள். மாலைப் பூசைக்கு நான் துணைக்குப் போகிறேன். என் முழங்கையைப் பிடித்தபடி அன்றைய வகுப்புக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். இத்தனை வருடம் பக்கத்துத் தெருவில் இருந்தும் இப்படி ஒரு நாள் கூட நடந்ததில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.