நாத்தனார் முடிச்சுக்காக முப்பது கிலோமீட்டர்

ஐப்பசி மாதம் ஆவடியிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் எந்த வழியில் போவது என்று ஒருவர் கேட்டிருந்தார். வழி சொல்கிறேன். ஆனால் அந்த வழியில் நான் போன கதையைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல என்னால் முடியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நினைத்தால் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியில் ஒரு மண்டபத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். வீட்டிலிருந்து மண்டபம் பத்தே கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு ரூபாய், அரை மணி நேரம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவன் அக்கா தங்கைதான் போட வேண்டும். தம்பிக்கு நான் ஒரே அக்கா.

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முதல் நாளே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். காரணம் என் வீட்டுக்காரர். சாமிக்கு அடுத்த பத்திரிகை வீட்டு மாப்பிள்ளைக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அவரை நிற்க வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அப்பா வந்த நேரத்தில் இவர் ஷிப்டில் இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "மாப்ள வந்ததும் குடுத்துடும்மா" என்று அப்பா கிளம்பிவிட்டார். அவ்வளவுதான். "மேஜைக்குத்தானே பத்திரிகை வச்சாரு, மேஜையே போகட்டும்" என்றார் இவர். மறுபடி வரச் சொல்கிறேன் என்றேன். "கேட்டு வாங்குற மரியாதை எனக்கு வேணாம்." அப்பாவிடம் போய்ச் சொன்னால் அவர் அதற்குமேல். "பொண்ணு ஊட்லதானே வச்சேன், ரோட்லயா வச்சேன்?" மூன்று வாரம் இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நான் மாறி மாறிக் கெஞ்சினேன். தனியாகப் போய் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று முதல் நாள் சாயங்காலம் வரை இவர் மனசு மாறக் காத்திருந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அன்று ராத்திரியே புயல் மழை பிடித்துக்கொண்டது.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, "தலை வலிக்குது, நீ வேணா போ" என்று போர்வையை இழுத்துவிட்டார். பட்டுப்புடவையை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்தேன். ஒரு பழைய நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். குடை தெரு முனையிலேயே திருப்பிக்கொண்டது. பூந்தமல்லி பஸ் ஆறு மணிக்குக் கிளம்பி, மூன்று கிலோமீட்டர் போய் பருத்திப்பட்டில் நின்றது. ஆற்றுத் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடியது. "இதுக்கு மேல வண்டி போவாது, எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். எங்கள் மண்டபம் அந்தக் கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர். நான் இந்தக் கரையில் நின்று தண்ணீரைத் திட்டினேன், அப்பாவைத் திட்டினேன், போர்வைக்குள் கிடந்தவரையும் திட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து நின்றுகொண்டார்கள்.

அதே பஸ் திரும்பியது. ஆவடி ஸ்டேஷனில் ஆறு ஐம்பதுக்கு ஒரு மின்சார ரயில். நிமிர்ந்து நிற்க இடமில்லை, ஜன்னல்களை மூடியதில் மூச்சும் முட்டியது. அம்பத்தூர் தாண்டி பட்டரவாக்கத்தில் நின்றது நின்றதுதான், முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள். ஏழு இருபத்தைந்துக்கு இறங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வழியாக மண்ணூர்பேட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் தொழிற்சாலை எண்ணெய் மிதந்தது. ஒரு செருப்பு போயிற்று. இன்னொன்றை நானே வீசி எறிந்தேன்.

மண்ணூர்பேட்டை முனையில் இருந்தது ஒரே ஒரு ஆட்டோ. டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "இந்த மழைல எங்கம்மா போய்க்கினு கீறே?"

"குமணன்சாவடி. தம்பி கல்யாணம். ஒன்பதுக்குள்ள தாலி."

"கோயம்பேடு சுத்திதான் போவணும், பதினெட்டு கிலோமீட்டர் வரும். நூத்தம்பது குடு." பேரம் பேசவில்லை. வழக்கமான நாளில் அதில் பாதிதான் ஆகும்.

திருமங்கலம் தாண்டியதும் திரும்பிக் கேட்டார். "ஊட்ல ஆம்பள யாரும் வர்லயா?"

"இருக்காரு. கோவமா இருக்காரு. பத்திரிகை கையில வைக்கலையாம்."

சிரித்துவிட்டார் அந்த மனிதர். "என் தங்கச்சி கண்ணாலத்துல எங்க மாமாவும் இப்டிதான், மூஞ்சத் தூக்கி வச்சிக்கினாரு. சோத்துக்கு மட்டும் கரீட்டா வந்து குந்திக்கினாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுரவாயலில் என்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றது. அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், பட்டுப்புடவைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னாலிருந்து தள்ளினேன். நாத்தனாராகப் போகிறவள், வெறுங்காலோடு, நெடுஞ்சாலையில்.

மண்டபத்து வாசலில் இறங்கியபோது எட்டு நாற்பத்தைந்து. அப்பா குடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். வந்தவர் என்னைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள எங்கம்மா?"

"வரலப்பா."

"அவருக்காகத்தானே ஐயரை நிறுத்தி வச்சிக்கினு கீறேன்!"

தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றவளிடம் ஒரு துண்டு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. "நான் வந்துட்டேன்ல, போதாதா?" என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அங்கே மணப்பெண்ணுக்குப் பின்னால் என் பெரியப்பா மகள் தலை நிறையப் பூவோடு தயாராக நின்றிருந்தாள், முடிச்சுப் போட. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா இல்லாவிட்டால் ஒரு பெரியப்பா மகள் போதும். வீட்டு மாப்பிள்ளைக்குத்தான் மாற்று ஆள் கிடையாது.

மூன்று நிமிஷத்தில் புடவை மாற்றி, "தள்ளுடி" என்று அவளை விலக்கிவிட்டு நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுத் தலை நிமிராமலே, "அக்கா, வந்துட்டியா?" என்றான். அந்த மண்டபத்தில் என்னைக் கேட்டது அவன் ஒருத்தன்தான். விறைத்துப்போன விரல்களால் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். அழுதேன். சந்தோஷத்தில் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், பாதிதான் சரி.

அதன்பிறகு பந்தியில், மேடையில், கை கழுவுமிடத்தில், பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. வீட்டுக்காரர் வரலையா? பதினொரு பேர் வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். சம்பந்தி அம்மாள் இரண்டு தடவை கேட்டாள்.

கேள்வி கேட்டவருக்குப் பதில்: பருத்திப்பட்டு வழியை அடைமழையில் நம்பாதீர்கள். ரயிலில் அம்பத்தூர்ப் பக்கம் வந்து, கோயம்பேடு சுற்றிப் போங்கள். பத்து கிலோமீட்டர் முப்பதுக்கு மேல் ஆகும், மூன்று மணி நேரம் கையில் வையுங்கள். செருப்புப் போடாதீர்கள், லேஸ் கட்டும் ஷூ போடுங்கள். எல்லாவற்றையும்விட, முதல் நாளே போய்விடுங்கள். வருகிறவர் வரட்டும். யார் கோபம் தணியவும் காத்திருக்காதீர்கள், மழை காத்திருக்காது.

மறுநாள் தண்ணீர் வடிந்து, அதே வழியில் பஸ் ஓடியது. இரண்டு ரூபாய், முப்பத்தைந்து நிமிஷம். வீட்டில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைவலி போயிருந்தது. கல்யாணம் நல்லா நடந்ததா, நீ எப்படிப் போய்ச் சேர்ந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, "என்னைப் பத்தி எல்லாரும் கேட்டிருப்பாங்களே?" என்றார்.

"இல்லையே," என்றேன். "ஒருத்தர்கூடக் கேக்கல."